மர்ஜானா வாங்கிய சரி

மர்ஜானாவைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் அவள் குரலில் ஆரம்பிப்பார்கள். நான் அவள் பிடிவாதத்தில் ஆரம்பிக்கிறேன். குரல் நல்ல குரல்தான். மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை போகும். ஆனால் அப்படிக் குரல் வாய்த்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர் வரவேற்புரை மட்டும் படித்துக் காலம் தள்ளுகிறார்கள். மர்ஜானாவை மேடை ஏற்றியது பிடிவாதம். போன வருஷம் மேடையை விட்டே அவளை இறக்கப் பார்த்ததும் அதே பிடிவாதம்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் மங்கலம்பேட்டைக்காரி. வீட்டுக்காரர் முகம்மது ரியாஸ் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் அவளும் பிள்ளைகளும் அம்மா ஜைத்தூன் பீவியும். தினமும் காலையில் பஸ் ஏறி விருத்தாசலம் வந்து, செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறாள். பட்டிமன்றத்துக்குத் தயார் செய்வதும் அங்கேதான். சூளைக்குப் போகக் காத்திருக்கும் பீங்கான் செட்டியார் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் முன்னால் நின்று பேசிப் பார்ப்பாள்.

"இவங்க முன்னாடி பேசிட்டா யாரு முன்னாடியும் பேசிடலாம் பூங்கோத. நாங்க செய்யறது தலையாட்டி பொம்ம இல்ல. ஒருத்தர்கூட ஆமான்னு தலையாட்ட மாட்டாங்க" என்பாள்.

பூங்கோதை நான்தான். கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்பவர்களிடம் நான் போடும் சண்டையைக் கேட்டுவிட்டுத்தான் மர்ஜானா என்னைப் பேச்சு மன்றத்துக்கு இழுத்துப் போனாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். பிறந்த ஊர் கம்மாபுரம் பக்கம். அந்த ஊர் இப்போது இல்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு, எங்களுக்கு வேறு இடத்தில் காலனி கட்டிக் கொடுத்தார்கள். நான் பாவாடை சட்டையில் இருந்த காலம் அது. நிலம், ஊர் என்று யாராவது பேச்செடுத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் சூடாகிவிடும்.

எங்கள் மணிமுத்தாறு பேச்சு மன்றத்தில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், வந்த பக்கத்தை மாற்றக் கூடாது. இது முதலாவது. இரண்டாவது வேறு எந்த ஊரிலும் கிடையாது என்று எங்கள் நடுவர் பழமலைநாதன் ஐயா பீற்றிக்கொள்வார். எதிராளியை மறுக்கும் முன்னால் அவருடைய வழக்கை நம் வாயால் சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டு, "சரி, இதுதான் நான் சொன்னது" என்று ஒத்துக்கொண்டால்தான் மறுத்துப் பேசலாம். அவர் "இல்லை" என்றால் திரும்பவும் சொல்ல வேண்டும். இதற்கு எங்களுக்குள் 'சரி வாங்குவது' என்று பேர். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். கோபத்தில் இருக்கும்போது செய்து பாருங்கள். நான் பல தடவை சரி வாங்க முடியாமல் மேடையில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். மர்ஜானா பெரும்பாலும் முதல் தடவையிலேயே வாங்கிவிடுவாள்.

அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. மங்கலம்பேட்டையில் வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்து, கடைசியில் பட்டிமன்றம் வைப்பார்கள். பெண்கள் உட்காரும் பக்கம் ஒரு துணித் திரை இருக்கும். சின்ன வயதில் மர்ஜானா திரைக்கு இந்தப் பக்கம் அம்மா மடியில் படுத்தபடி பேச்சுக் கேட்பாளாம். குரல் மட்டும் வரும், பேசுகிறவர் முகம் தெரியாது.

"நடுவர் நாற்காலில உக்காந்தா ஊரு எப்டித் தெரியும்னு யோசிச்சிக்கிட்டே தூங்கிடுவேன். ஒரு நாளு நானே உக்காந்து பாத்துடணும்" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை.

போன வருஷம் அது கூடி வந்தது. விழாக் குழுத் தலைவர் ஜவுளிக்கடை அப்துல் மாலிக் பாய் வீடு தேடி வந்து அவளை நடுவராக இருக்கச் சொன்னார். ஒரு பெண், அதிலும் அந்த ஊர்ப் பெண், அந்த நாற்காலியில் உட்காரப் போவது அதுதான் முதல் தடவை. அன்று என் கடைக்கு வந்து எனக்கும் எதிர்க்கடைக்காரருக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் மன்றத்தில் இந்தத் தலைப்பு வந்து தொலைந்தது. டீக்கடையிலும் பஸ்ஸிலும் காஸா பேச்சுதான். காஸாவிலிருந்து ஆயுதக் குழுக்கள் எல்லை தாண்டிப் போய் இஸ்ரேலில் ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கொன்று, பிணைக்கைதிகளைப் பிடித்துப் போனதும், அதன் பிறகு காஸாவில் குண்டு விழுந்து குடும்பம் குடும்பமாகச் செத்ததும் எல்லோர் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள், ஒருவரும் அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்கவில்லை. ஐயாவுக்கு அது பொறுக்கவில்லை. 'பாலஸ்தீன மண்: இருந்தவர்களின் தாயகமா? திரும்பி வந்தவர்களின் தாயகமா?' என்று தலைப்பு வைத்துவிட்டார்.

சீட்டுக் குலுக்கினோம். எனக்கும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ராஜ்மோகனுக்கும் 'இருந்தவர்கள்' பக்கம் வந்தது. அதாவது பாலஸ்தீனர் பக்கம். மர்ஜானாவுக்கும் ராஜமாணிக்கம் சாருக்கும் 'திரும்பி வந்தவர்கள்', யூதர் பக்கம். ராஜமாணிக்கம் சாருக்கு மறுநாளே சர்க்கரை ஏறிவிட்டது. ஏறியதா, ஏற்றிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. ஆக, அந்தப் பக்கம் மர்ஜானா தனியாள்.

நான் பட்டறைக்கே போய்விட்டேன்.

"சீட்ட மாத்திக்கலாம்டி. யாருக்கும் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரியுமே."

"மங்கலம்பேட்டைக்காரி இஸ்ரேலுக்குப் பேசுனான்னு ஒரு வார்த்த போனாப் போதும், அந்த நாற்காலி கெடைக்காது. தெரியுதா ஒனக்கு?"

அவள் கையில் இருந்த பொம்மையைப் பலகையில் வைத்தாள்.

"தெரியுது. ராத்திரி தூக்கம்கூட வரல. ஆனா எம் பேர வெச்சே நான் எந்தப் பக்கம் பேசணும்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க பாத்தியா. நீயும்தான். அப்பறம் எதுக்கு நான் பேசக் கத்துக்கிட்டேன்? தலையாட்டி பொம்மயா இருந்துட்டுப் போயிருக்கலாமே."

எனக்குச் சுருக்கென்றது. போடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மங்கலம்பேட்டையிலிருந்தும் ஒரு கூட்டம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. மர்ஜானா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"ஒரு ஊர்ல தலமொற தலமொறயா இருக்கீங்க. ஒரு நாளு ராஜா வந்து போங்கன்றாரு. இங்கிலாந்துல போன்னாங்க, ஸ்பெயின்ல போன்னாங்க. ரஷ்யாவுல வூடு பூந்து அடிச்சாங்க. கொள்ளநோயி வந்தா கெணத்துல வெஷம் வெச்சது யூதன்னாங்க. கடைசில ஜெர்மனிக்காரங்க அறுவது லட்சம் பேர கொன்னாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கப்பல் ஏறித் தப்பிச்சி வந்தவங்கள கரை எறங்க வுடாம திருப்பி அனுப்புன நாடுங்கல்லாம் இருக்குது. இப்டி இருந்தா மனுஷனுக்கு என்னா தோணும்? கதவ உள்பக்கமா நானே தாப்பா போட்டுக்கிற மாதிரி ஒரு எடம் வேணும்னு தோணும். சீயோனிசம்ன்றது அந்த ஆசைலதான் பொறந்தது. ஜெர்மனிக்காரங்க அதச் செய்யறதுக்கு முன்னாடியே பொறந்துடுச்சி. யூதருங்க எல்லாருமே அத ஏத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்லல. ஆனா அந்த ஆச பொய்யில்ல."

ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள்.

"எதுக்கு அந்த எடம், வேற எடமே கெடைக்கலியான்னு கேப்பீங்க. ரெண்டாயிரம் வருஷமா எந்த நாட்டுல இருந்தாலும் ஜெருசலேம் பக்கம் திரும்பித்தான் தொழுதாங்க. அந்த மண்ண வுட்டுப் போவாம அங்கயே இருந்த யூதக் குடும்பங்களும் உண்டு. நம்ம கொச்சில இருந்த யூதருங்களுக்கு அக்கம்பக்கம் சிநேகிதம்தான். அவங்களும் பொட்டி கட்டிக்கிட்டுப் போனாங்க. ஒரு எடத்தப் பாக்காமயே அத நம்ம ஊருன்னு மனசுல வெச்சிருக்க முடியும். அதுக்கு மதிப்பு உண்டா இல்லியான்னுதான் இந்தச் சபைய நான் கேக்கறேன்."

கைதட்டல் வரவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். அடுத்து எங்கள் பக்க வழக்கை எடுத்துவைக்க ராஜ்மோகன் எழுந்தான்; மறுப்பு என் வேலை. பேசத் தெரிந்தவன்தான், ஆனால் கைதட்டல் என்றால் எதையும் சொல்லுவான். கூட்டம் இறுக்கமாக இருப்பதைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில் அடித்தான்.

"ஹிட்லர் வேலைய அரகொறயா வுட்டுட்டுப் போனதாலதான் இன்னிக்கி இவ்ளோ பிரச்சன."

மண்டபம் சிரித்தது. பின்வரிசை நன்றாகவே தட்டியது. நான் என் பக்கத்துப் பேச்சாளனை முறைத்தேன். அதற்குள் மர்ஜானா எழுந்து நின்றுவிட்டாள். அவள் முறையில்லை, ஆனாலும் நின்றாள். ஐயா அவளை உட்காரச் சொல்லவில்லை.

"எங்க ஊர்லேர்ந்து வந்திருக்கறவங்களுக்குத்தான் சொல்றேன். இஸ்ரேல் அரசாங்கத்தத் திட்டணுமா, திட்டுங்க. அங்க செத்த கொழந்தைங்களுக்காக அழுவணுமா, நானும் வூட்ல அழுதுட்டுத்தான் வந்திருக்கேன். ஆனா ஒரு சனத்தயே மிச்சமில்லாம கொன்னுருக்கலாம்னு ஒருத்தரு சொல்றாரு, நீங்க தட்டறீங்க. வாடகைக்கு வூடு கேட்டுப் போயி, நம்ம பேரச் சொன்னதும் மொகத்துலயே கதவச் சாத்துனாங்களே, அது ஒங்க யாருக்கும் நடக்கலியா? 'இவங்கல்லாம் இப்டித்தான்'னு பஸ்ஸுல நம்ம காதுபடப் பேசலியா? அதே பேச்சுதான் இது. வேற ஒருத்தர் மேல வுழுதுன்னு தட்டாதீங்க. இந்தக் கைதட்டு எந்தப் பக்கத்துக்கும் வேணாம்."

ராஜ்மோகன் தொண்டையைச் செருமிக்கொண்டு மிச்சப் பேச்சைப் பேசி முடித்து உட்கார்ந்தான். அப்போதே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. என்ன செய்வது, எதிரணி. அடுத்தது என் முறை. முதலில் அவளிடம் சரி வாங்க வேண்டும்.

"யூதர்கள் துன்பப்பட்டார்கள், அதனால் அடுத்தவன் நிலத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது எதிரணி வழக்கு" என்றேன்.

"இல்ல. இது நீங்க எம் மேல போட்ற வழக்கு" என்றாள். கூட்டம் சிரித்தது.

"அவர்கள் வேதத்தில் எழுதியிருக்கிறது, ஆகையால் அது அவர்கள் பூமி என்பது எதிரணி வழக்கு."

"இல்ல. வேதத்தப் பத்தி நான் வாயே தொறக்கல."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மேடை மொழியெல்லாம் போய், வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"எங்க ஊரு இப்ப இல்ல. அய்யனார் கோயிலு இருந்த எடத்துல பெரிய பள்ளம். சாமிய வேற எடத்துல கட்டிக் குடுத்துட்டாங்க. ஆனா ஆடி மாசம் எங்க சனம் அந்தப் பள்ளத்து வேலிகிட்டத்தான் போயி நிக்குது. பள்ளத்தப் பாத்துச் சூடம் கொளுத்தறோம். அந்த ஊரப் பாக்காத எம் புள்ளைங்களுக்கும் அந்தத் திசையத்தான் காட்டிக் குடுத்திருக்கேன். நாங்க போற எடத்துலல்லாம் எங்கள அடிச்சித் தொரத்தியிருந்தா, எங்க வாரிசு என்னிக்காவது ஒரு நாளு அந்தத் திசையப் பாத்து நடந்திருக்கும். நடக்கறவங்களத் திருடங்கன்னு சொல்லாதீங்க, அவங்களுக்கும் அது தாய் மண்ணுதான். இதான மர்ஜானா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "சரி" என்றாள்.

சரி வாங்கிய பிறகு நான் சும்மா விடவில்லை. அது வெறும் பள்ளம் இல்லை, ஆள் இருந்த வீடு, அடுப்பு எரிந்த வீடு என்று விளாசினேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அடுத்து என்னை மறுக்கும் முன் அவள் என்னிடம் சரி வாங்க வேண்டும். அவள் என் பக்கம் திரும்பி நின்று பேசினாள்.

"குவைத்துல எங்க வூட்டுக்காரரு கூட ஒரு பெரியவரு வேல செய்றாரு. எந்த ஊருன்னு கேட்டா யாஃபான்றாரு, இப்ப அது இஸ்ரேல்ல இருக்குது. அவரு யாஃபாவப் பாத்ததே இல்ல. அவரப் பெத்த அத்தா பாத்தது. இஸ்ரேல் உண்டான நாப்பத்தெட்டுல ஏழு லட்சம் பேரு வூட்ட வுட்டாங்க. வெரட்டப்பட்டவங்களும் உண்டு, பயந்து ஓடுனவங்களும் உண்டு. திரும்பி வர யாரையும் வுடல. அவரு சொல்றாரு: வந்தவங்க கஷ்டப்பட்டவங்கதான், ஒத்துக்கறேன். அந்தக் கஷ்டத்த நான் குடுக்கலியே. ஐரோப்பாக்காரன் செஞ்சதுக்கு நான் எதுக்கு எங்க வூட்டக் காலி பண்ணணும்? ரெண்டாயிரம் வருஷத்து ஞாபகம் செல்லும்னா எழுவத்தஞ்சு வருஷத்து ஞாபகம் ஏன் செல்லாது? அவங்களுக்கு உள்தாப்பா வேணும், நியாயம். அதுக்கு நான் வெளிய நிக்கணுமா? இதான பூங்கோத ஒங்க வழக்கு?"

நான் பேசியதைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். காலனியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் புளியமரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எங்களுக்கு அங்கே வீடு கட்டித் தரும் முன்பு அந்த மேட்டில் ராஜம்மாள் என்று ஒருத்தியின் குடும்பம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தது. பட்டா கிடையாது, அதனால் அவர்களை எழுப்பிவிட்டு எங்களைக் குடிவைத்தார்கள். இன்றைக்கும் வருஷா வருஷம் ராஜம்மாள் வந்து யாரையும் கேட்காமல் அந்த மரத்தில் புளி உலுக்கிக்கொண்டு போவாள். கேட்டுவிட்டுப் பறிக்கக் கூடாதா என்று நான் எரிந்து விழுந்தபோது என் அம்மா கண்ணம்மாள், "கேக்க வேண்டியது நாமதான்" என்று சொன்னாள். காஸா வேறு, எங்கள் காலனி வேறு, இரண்டையும் ஒன்றாக்க நான் பைத்தியம் இல்லை. ஆனால் போக இடமில்லாமல் வந்தவர்களும் நாங்கள்தான், எங்களால் வெளியே போனவளும் ஒருத்தி இருக்கிறாள்.

"சரி" என்றேன்.

ஐயா தீர்ப்பு சொன்னார். இருந்தவர்களின் தாயகம்தான் என்றார். அவர்களை வெளியே தள்ளியதை எந்த நியாயமும் நியாயமாக்காது, ஆனால் இந்தத் தீர்ப்பால் திரும்பி வந்தவர்களின் வழக்கு பொய்யாகிவிடாது, இனி அந்த மண்ணில் ஒருவர் இருப்பதற்காக இன்னொருவர் போக வேண்டும் என்று சொல்கிறவர் எவரானாலும் இந்த மன்றத்தில் தோற்றவர்தான் என்றார். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தும் ராஜம்மாள் நினைப்பு போகவில்லை, அந்தக் கோபத்தில் அன்று யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையிலேயே ஒரு துண்டு வீடியோ வாட்ஸாப்பில் ஓட ஆரம்பித்தது. மர்ஜானா தோன்றி, "கதவ உள்பக்கமா நானே தாப்பா போட்டுக்கிற மாதிரி ஒரு எடம் வேணும்" என்பாள், அத்தோடு வெட்டிவிட்டார்கள். யூதர்களுக்கு வக்காலத்து வாங்கும் மங்கலம்பேட்டைப் பெண் என்று கீழே எழுதியிருந்தது. மாமியார் வீட்டு ஆட்கள் குவைத்துக்குப் போன் போட்டார்கள். அம்மா ஜைத்தூன் பீவி மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போடுவார், பேச மாட்டார். மர்ஜானா வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தாள், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் செட்டியார்கள் முன்னால் போய் நிற்கவில்லை.

அந்த வாரமே மாலிக் பாய் அவள் வீட்டுக்கு வரப் போகிறார் என்று தெரிந்து நானும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள். பாய் தர்மசங்கடத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர், அவர் கண்ணிலும் தூக்கமில்லை.

"புள்ள, நோட்டீஸ்ல ஒம் பேரு இருக்குது. எடுக்கச் சொல்லி நாலு பக்கமும் நெருக்கறாங்க. மேடைல ஏறுனதும் ஒரு வார்த்த சொல்லிடு. சீட்டுல வந்தத பேசுனேன், அதெல்லாம் எம் பேச்சு இல்லன்னு சொல்லிடு. முடிஞ்சிது கத."

"சீட்டுல வந்ததுதான் மாமா. ஆனா நான் பேசுனதுல பொய்யி எதுவும் இல்லியே" என்றாள் மர்ஜானா.

"அந்த வீடியோவ வெட்டுனவன் யாருன்னு கேட்டீங்களா பாய் மொதல்ல?" என்று நான் எகிறினேன்.

"நீ சும்மா இரு பூங்கோத" என்றாள் அவள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, ஒங்க வழக்க நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. தெனமும் செத்த புள்ளைங்களப் பாத்து ஊரே வெந்து போயிருக்குது. இந்த நேரத்துல நம்ம வூட்டுப் பொண்ணு அந்தப் பக்கத்துக்கு வாயத் தொறந்தா, நம்ம வேதனைய இவகூட நெனைக்கலியேன்னு ஊரு சனத்துக்கு வலிக்கும். ஒங்களுக்கு எம் மேல கோவமில்ல. பொம்பளைங்கள மேடையேத்துனா இப்டித்தான்னு பேசிடுவாங்க, நாளைக்கி வேற ஒரு பொண்ணுக்கும் அந்த நாற்காலி கெடைக்காமப் போயிடும்னு பயம். அதான?"

மாலிக் பாய் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "சரிம்மா. அதேதான்."

"இப்ப எங்கிட்ட நீங்க சரி வாங்குங்க. வாங்கிட்டீங்கன்னா நீங்க சொன்ன மாதிரியே பேசறேன்."

அவர் யோசித்தார். "யூதங்களும் பாவம்தான்னு சொல்ற."

"இல்ல மாமா."

"மன்றத்துக் கட்டுப்பாட்ட மீறக் கூடாதுன்ற."

"அதுவும் இல்ல."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அப்போது சமையலறை வாசலில் இருந்து ஜைத்தூன் பீவியின் குரல் வந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. கையில் இருந்த தட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

"இவளோட அத்தாவுக்கு ஒடம்புக்கு முடியாம மெட்ராஸுக்கு இட்டுக்கினு போயிருந்தோம். ஆஸ்பத்திரி பக்கத்துல ரூமு கேட்டு அலையறோம். காலியா இருக்குதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. பேரக் கேட்டதும் இல்லன்னுட்டாங்க. வெயில்ல இந்தப் புள்ள கையப் புடிச்சிக்கினு வாசல் வாசலா நின்னேன். ஏம்மா நம்மள வேணாம்ன்றாங்கன்னு கேட்டா. எனக்குப் பதிலு சொல்லத் தெரியல." தட்டை முந்தானையால் ஒரு முறை துடைத்தார். "அன்னிக்கி எனக்கு எரிஞ்சது இன்னிக்கும் ஆறல மாலிக்கு. அந்த வாசல்ல நின்னவ, இன்னொருத்தர அப்டி நிக்க வெக்கறதுக்குக் கை தட்டக் கூடாதுன்றா எம் பொண்ணு. காஸாக்காரங்க வெளிய நிக்கறதும் அவளுக்கு எரியுது, யூதங்களச் சொன்னதும் அவளுக்கு எரியுது. ரெண்டுக்கும் எரிஞ்சாத்தான் அது உண்மையான எரிச்சல்ன்றா. அதானடி?"

மர்ஜானா எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரிம்மா" என்றாள். ஊரையே வாயடைக்க வைப்பவள் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். நானும் அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

மாலிக் பாய் எழுந்தார். "நோட்டீஸ் அப்டியே இருக்கட்டும். எவன் வந்து கேட்டாலும் இந்தக் கதைய நான் சொல்லிக்கறேன். போயிட்டு வரேங்க்கா" என்று ஜைத்தூன் பீவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விழா அன்று சில பேர் வரவில்லை. வந்தவர்களிலும் சில பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜைத்தூன் பீவிக்குப் பக்கத்தில், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். 'பிள்ளைகள் படிப்புக்குப் பெரிதும் துணை வீடா, பள்ளியா' என்று தலைப்பு. மைக்கில் மர்ஜானாவின் குரல் வந்தது. வணக்கமும் சலாமும் சொல்லிவிட்டு, இந்த மேடையில் இன்றைக்கு ஒரு புதுக் கட்டுப்பாடு என்றாள். யாரையும் மறுக்கும் முன்னால் அவரிடம் சரி வாங்க வேண்டும் என்று விளக்கினாள். பெண்கள் பக்கம் கசமுசாவென்று பேச்சு எழுந்து அடங்கியது.

ஜைத்தூன் பீவி கொஞ்ச நேரம் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரை முடியும் இடத்துக்குப் போனார். மேடை நேராகத் தெரிகிற இடம் அது. ஒரு பெரியம்மா, "எங்க போற, இப்டி உக்காரு, நல்லாக் கேக்குதே" என்றார்.

"கேக்குது. எனக்கு அவ மொகத்தப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, திரையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் போனேன்.